புரியாததை எழுதாதே

1

தென்காசியில் நான் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து போன மாதம் ஒரு கடிதம் வந்தது. ஆண்டு மலர் போடுகிறார்களாம். மலாக்காவில் இருக்கும் நான் பிள்ளைகளுக்குக் கணக்கை மனப்பாடம் செய்ய விடாமல் புரிய வைத்துச் சொல்லிக் கொடுப்பதாகக் கேள்விப்பட்டார்களாம். அந்த முறையைப் பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். கோணங்களைப் பற்றி எழுதினேன், பின்னங்களைப் பற்றி எழுதினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் படித்துப் பார்த்தபோது வேறு யாரோ ஒரு நல்ல வாத்தியார் எழுதியதுபோல் இருந்தது. கிழித்துவிட்டேன். இந்த மாதத்தோடு என் மகள் வசந்தா வீட்டை விட்டுப் போய் மூன்று வருடம் முடிகிறது. அவளை விட்டுவிட்டு என் முறையைப் பற்றி எழுதினால் அது பாதிக் கணக்கு. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மலரில் போடத் தகுந்ததா என்பதை அவர்களே முடிவு செய்து கொள்ளட்டும்.

2

நாங்கள் இருப்பது காஜா பெராங் சாலையில், ஒரு மரவீட்டின் பாதியில். மறு பாதியில் ஒரு சீனத் தையல்காரர் குடும்பம். சாலையைத் தாண்டி உள்ளே போனால் செட்டிகளின் கம்பம், அதாவது குடியிருப்பு. நம் ஊரில் செட்டி என்றால் நினைக்கும் ஆட்கள் அல்ல இவர்கள். பல தலைமுறைக்கு முன் நம் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே பெண் எடுத்துத் தங்கியவர்களின் வாரிசுகள். நெற்றியில் திருநீறு இருக்கும், வாசலில் மாவிலை இருக்கும், வாயைத் திறந்தால் மலாய் வரும். வந்த புதிதில் ஒரு செட்டி அம்மாளிடம் நான் தமிழில் வழி கேட்க, அவர் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கோயில் வாசலில் விட்டார். நான் கேட்டது தபாலாபீஸ்.

பள்ளிக்கூடத்துக்கு மிதிவண்டியில் பதினைந்து நிமிடம். ஆங்கிலத்தில் நடக்கும் ஒரு தனியார் இடைநிலைப் பள்ளி. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பார்கள். யுத்தத்தில் படிப்பு நின்று போனவர்கள் நிறைய இருந்ததால் ஒரே வகுப்பில் பதினான்கு வயதும் இருக்கும், பத்தொன்பதும் இருக்கும். ஐந்து வருடம் படித்து முடித்தால் இங்கிலாந்திலிருந்து வினாத்தாள் வரும். பரீட்சை எழுதிக் கப்பலில் அனுப்பினால் மறுவருடம் முடிவு வரும். அந்த முடிவில்தான் இந்த ஊர்ப் பிள்ளைகளின் எதிர்காலம் இருந்தது.

நான் இங்கே வந்தபோது வசந்தாவுக்கு எட்டு வயது. ஊரில் இரண்டாம் வகுப்புத் தமிழில் படித்தவளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தோம். ஒரே வருடத்தில் ஆங்கிலம் பேசினாள். அதற்கு முன்பே மலாய் பேசினாள். தமிழில் மலாயைக் கலந்து பேசுவாள். கத்தரிக்காய் சுக்கா இல்லை என்பாள். பிடிக்கவில்லை என்று சொல் என்று திருத்துவேன். சரியென்று தலையாட்டிவிட்டு மறுநாளும் சுக்கா இல்லை என்பாள். அவள் அம்மா கோமதி, ஒரே பிள்ளை, பேசிவிட்டுப் போகட்டும் என்பாள்.

வசந்தாவைக் கணக்கு ஆசிரியை ஆக்க வேண்டும், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது என் எண்ணம். அவளைக் கேட்டு வந்த எண்ணமல்ல. என் மகள் என்பதால் தானாக வந்த எண்ணம்.

3

முதல் சில வருடங்கள் நானும் மற்றவர்களைப் போலத்தான் சொல்லிக் கொடுத்தேன். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவேன், ஒரு கணக்கைச் செய்து காட்டுவேன், அதே மாதிரி இருபது கணக்கு கொடுப்பேன். நான் தென்காசியில் அப்படித்தான் படித்தேன். பிள்ளைகள் அமைதியாக இருந்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாம் படிவ வகுப்பில் ஒருநாள், கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல் வரும் என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். கம்பத்துப் பெண் மீனாட்சி எழுந்து நின்றாள். எல்லோரும் மினா என்று கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டுக்குத் தினமும் வருகிறவள், அதே வகுப்பில் படித்த வசந்தாவின் தோழி. கரும்பலகையைப் பார்த்து, “கெனாப்பா?” என்றாள்.

என் காதில் அது ‘ஏனப்பா’ என்று விழுந்தது. வகுப்பில் வாத்தியாரைப் பார்த்து ஏனப்பா என்கிறாளே என்று எனக்குக் கோபம். வெளியே போய் நில் என்றேன். அவளுக்கு எதற்கு என்றே தெரியவில்லை. கண் கலங்க வெளியே போய் நின்றாள். மணி அடித்த பிறகு வேறொரு ஆசிரியர்தான் சொன்னார். மலாயில் அந்தச் சொல்லுக்கு ‘ஏன்’ என்று அர்த்தம். அவசரத்தில் ஆங்கிலம் வராமல் வீட்டுப் பாஷையில் கேட்டிருக்கிறாள்.

அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஏன் என்பதை நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். வீட்டில் வந்து யோசித்தபோதுதான் எனக்கே அது தெரியாது என்று தெரிந்தது. பட்டம் வாங்கியிருந்தேன், பயிற்சிக் கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியிருந்தேன், பத்து வருடத்துக்கு மேல் சொல்லிக் கொடுத்துமிருந்தேன். கழித்தலும் கழித்தலும் கூட்டல் என்று எனக்கும் யாரோ சொன்னார்கள், நான் நம்பினேன், அவ்வளவுதான்.

மூன்று நாள் எடுத்தது. நாலாம் நாள் வகுப்பையே பண்டார் ஹிலிர் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். இந்த நாட்டுத் தலைவர்கள் லண்டனிலிருந்து திரும்பி வந்து சுதந்திரத் தேதியை அறிவித்தார்களே, அந்தத் திடலைத் தாண்டினால் கடல். அங்குலக் கோடு போட்ட ஒரு மூங்கிலை நீரில் நட்டேன். கடல் வடிந்துகொண்டிருந்தது. மணிக்கு இரண்டு அங்குலம் வடிகிறது என்று வைத்துக்கொள்வோம், வடிவதைக் கழித்தல் என்போம் என்றேன். இனி வரும் மணி நேரத்துக்குக் கூட்டல் குறி, போன மணி நேரத்துக்குக் கழித்தல் குறி. இன்னும் மூன்று மணி நேரத்தில் நீர் ஆறு அங்குலம் கீழே இருக்கும். மூன்று மணி நேரத்துக்கு முன்னால் எங்கே இருந்திருக்கும்?

மினா மூங்கிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை மெல்ல மேலே தூக்கி, ஆறு அங்குலம் மேலே என்று காட்டினாள். ஒவ்வொருவர் முகத்திலும் அது ஏறுவதை அன்று பார்த்தேன். உஜோங் பாசிரிலிருந்து வந்த மீனவர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் கடல் அப்படி ஒரே அளவாக வடியாது என்று சண்டைக்கு வந்தார்கள். அந்தச் சண்டை எனக்குப் பிடித்திருந்தது. என் வாத்தியார் வேலை அன்றுதான் தொடங்கியது என்று சொல்லலாம்.

வசந்தா கூட்டத்தின் கடைசியில் நின்று, நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். மூங்கிலை அவள் பார்த்தாளா என்று நான் பார்க்கவில்லை.

4

அதன்பிறகு ஒரு சூத்திரத்தையும் காரணம் இல்லாமல் நான் எழுதவில்லை. முக்கோணத்தைக் காகிதத்தில் வெட்டி மூன்று மூலையையும் கிழித்து ஒன்றாக வைத்தால் நேர்கோடு வருவதைக் காட்டினேன். ரொட்டியை வெட்டிப் பின்னம் காட்டினேன். பாடம் மெதுவாகத்தான் போயிற்று. தலைமை ஆசிரியர், வெள்ளைக்காரர், நல்ல மனிதர். பாடத்திட்டம் முடியுமா என்று மாதம் ஒருமுறை கவலையோடு கேட்பார். ஆசிரியர் அறையில் என்னைக் காகிதக்கடைக்காரர் என்றார்கள். இந்த முறையில் படித்த முதல் வகுப்பின் பரீட்சை முடிவு வந்ததும் அந்தப் பேச்சு நின்றது.

வகுப்பில் நான் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. புரியாததை எழுதாதே. வெறும் தாளைக் கொடு, அதைப் பார்த்தால் உனக்கு எங்கே உதவி வேண்டும் என்று எனக்குத் தெரியும். மனப்பாடம் செய்து எழுதினால் நீயும் ஏமாறுகிறாய், நானும் ஏமாறுகிறேன். பிள்ளைகள் முதலில் பயந்தார்கள், பிறகு தைரியமாக வெறும் தாள் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தவர்களை நான் ஒருநாளும் திட்டியதில்லை. மாலையில் உட்கார வைத்து, முதலிலிருந்து தொடங்குவேன்.

என் மகள் வெறும் தாள் கொடுத்ததே இல்லை. நிரூபணங்களை நான் சொன்ன வரிசையில், நான் சொன்ன சொற்களிலேயே எழுதியிருப்பாள். ஆசிரியர் அறையில் அந்தத் தாளை எடுத்துக் காட்டியிருக்கிறேன். ஜாலான் பெண்டஹாராவில் துணி எடுக்கப் போகும்போது கடைக்காரர் மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டால், கணக்கில் நூற்றுக்கு நூறு என்பேன். பக்கத்தில் நிற்கும் வசந்தா துணியைத் தடவிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று நினைத்தேன்.

கோமதி ஒருமுறை சொன்னாள், கணக்குப் பரீட்சை அன்று மட்டும் பிள்ளை காலையில் சாப்பிடுவதில்லை, கவனித்தீர்களா என்று. பரீட்சை என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் என்றேன்.

5

சுதந்திரம் வந்தது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கொடி. தையல்காரர் ராப்பகலாகக் கொடி தைத்து எங்களுக்கும் ஒன்று தந்தார். அதைக் கட்டும்போது, இது நம் கொடியா என்ற கேள்வி எனக்கும் கோமதிக்கும் இருந்தது. வசந்தாவுக்கு அந்தக் கேள்வி இல்லை. தேசிய கீதத்தை மினாவோடு சேர்ந்து பாடிக்கொண்டு சாலையில் போனாள்.

மறுவருடம் நான் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். பாரத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கேது குடும்பப் பெயர்? அப்பா பெயரை எழுதினேன். குமாஸ்தா அதைப் பார்த்து என்னையே அப்பா பெயரில் கூப்பிட்டார். வந்த கப்பலின் பெயர், இறங்கிய துறைமுகம், எனக்காகச் சாட்சி சொல்ல இரண்டு பேர் என்று மூன்று தடவை அலைந்தேன். கடைசியாக, மலாய் தெரியுமா என்று நேரில் கேள்வி கேட்பார்கள் என்றார்கள். வயதானவர்களுக்கு விலக்கு இருந்தது. எனக்கு அந்த வயது ஆகவில்லை.

பத்து வருடம் மலாக்காவில் இருந்தும் எனக்கு மலாய் கடைவீதி அளவுக்குத்தான். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், சந்தையில் விரல். வழக்கமாக என்னென்ன கேட்பார்கள் என்று ஏற்கெனவே போய் வந்தவர்களிடம் விசாரித்தேன். இருபது கேள்வி தேறியது. வசந்தா உட்கார்ந்து கேள்வியையும் பதிலையும் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் சொல்கிறேன், தெரிந்துகொண்டால் சுலபமாக இருக்கும் என்றாள். நேரமில்லை, முதலில் நெட்டுருப் போட்டுவிடுகிறேன் என்றேன். இரண்டு வாரம் நடந்துகொண்டும் குளித்துக்கொண்டும் ஒப்பித்தேன். நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்ற நிலை வந்தது.

பாரத்தில் ஏதாவது சந்தேகம் வந்தால் உதவட்டும் என்று வசந்தாவையும் அழைத்துப் போனேன். அலுவலகம் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில். அதிகாரி இளைஞர், மலாய்க்காரர், மரியாதையானவர். பெயர், வீடு, வேலை மூன்றையும் வரிசையாகக் கேட்டார், வரிசையாகச் சொன்னேன். அவருக்கு என்ன தோன்றியதோ, பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தபடி வேறு ஏதோ கேட்டார். அதில் டாத்தாங் என்ற ஒரே சொல்தான் எனக்குப் பிடிபட்டது. வருவது என்று அர்த்தம். பதினோராம் கேள்வியில் அந்தச் சொல் இருந்தது.

கப்பலில் வந்தேன் என்றேன்.

பின்னால் இருந்த குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. மெதுவாக இன்னொன்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு மகள் இருக்கிறாள் என்றேன். அவர் கோப்பை மூடி, ஆங்கிலத்தில், ஆறு மாதம் கழித்து வாருங்கள், நிதானமாகக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். கதவு திறந்தே இருந்தது. வெளியே பெஞ்சில் வசந்தா உட்கார்ந்திருந்தாள்.

ஆற்றுப் பாலத்தில் ஏறினோம். பிறகு நான்தான் கேட்டேன், என்ன கேட்டார் என்று. இன்றைக்கு இங்கே எதில் வந்தீர்கள், மழையில் நனைந்தீர்களா என்று கேட்டாராம். இவ்வளவுதானா என்று எனக்கு அழுகையே வந்தது. சொல் சொல்லாகத் தெரிந்திருந்தும், கொஞ்சம் மாற்றிக் கேட்டதும் கண்ணைக் கட்டினதுபோல் ஆகிவிட்டது, எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள், எப்போது வெளியே போவோம் என்று இருந்தது என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

வசந்தா நின்றாள். என்னைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“எனக்குத் தினமும் அப்படித்தான் இருக்குப்பா. உங்க கணக்கு கிளாஸ்ல.”

6

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வகுப்பில் வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் அந்தப் பாலத்திலேயே உட்கார்ந்து, எங்கேயிருந்து புரியவில்லை என்று கேட்டிருப்பேன்.

நான் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் ஒரு தாளை எடுத்தேன். இருசமபக்க முக்கோணத்தை வழக்கமாக வரைவதுபோல் வரையாமல் சாய்த்து வரைந்தேன். மூலைகளுக்கு வேறு எழுத்துகளைப் போட்டேன். அடிக்கோணங்கள் சமம் என்று நிரூபி என்றேன். நூறு முறை எழுதிய நிரூபணம். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பென்சில் தாளில் படவே இல்லை. கோமதி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

நான் கத்தினேன். ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்றேன். உன் தாளை எல்லாரிடமும் காட்டினேனே, என்னை முட்டாளாக்கிவிட்டாய் என்றேன். அவள் அழவில்லை. தாளை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். காலையில் அதிகாரி என்னிடம் காட்டிய நிதானத்தில் கால் பங்கும் என்னிடம் இல்லை.

பரீட்சைக்கு ஏழு மாதம் இருந்தது. தினமும் மாலையில் உட்கார வைத்தேன். புரிகிறதா என்பேன், புரியுதுப்பா என்பாள். உண்மையில் புரிகிறதா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. ஊர்ப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிற நான், என் மகள் முகத்தில் ஒன்றையும் படிக்க முடியாமல் எதிரே உட்கார்ந்திருந்தேன். நான் வாயைத் திறந்தாலே அவள் தோள் இறுகுவது மட்டும் தெரிந்தது. ஒருநாள் கோமதி, “வகுப்புல அந்தப் பிள்ளைங்ககிட்ட இப்படியா பேசுவீங்க?” என்று கேட்டாள். இல்லை. அங்கே நான் இப்படிப் பேசுவதில்லை.

மினா வந்து மெல்ல உதவப் பார்த்தாள். இரண்டு பேரும் பின்கட்டில் மலாயில் பேசிக்கொண்டே கணக்குப் போடுவார்கள். நடுவில் சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் போனால் நின்றுவிடும். ஆகவே போகாமல் இருந்தேன். அந்த ஏழு மாதத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

7

முடிவு மறுவருடம் வந்தது. ஆங்கிலத்தில் சிறப்பு, மலாயில் சிறப்பு, சரித்திரத்தில் சிறப்பு. கணக்கில் தவறியிருந்தாள். தவறியதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் நினைவாற்றலை வைத்தே தேறிவிடுவாள் என்றுதான் நம்பியிருந்தேன். அந்த வருட வினாத்தாள் என்னிடம் இருந்தது. நேரடியாகக் கேட்ட நிரூபணங்கள் மூன்று இருந்தன. அவளுக்குத் தூக்கத்திலும் தெரிந்த நிரூபணங்கள்.

அதைக் காட்டி, இதையெல்லாம் எழுதினாயா என்று கேட்டேன். அன்று கோபமாகக் கேட்கவில்லை.

“எனக்கு அதுல ரெண்டு கணக்குதான்பா நெசமாப் புரிஞ்சது. அத மட்டும் எழுதினேன்” என்றாள். பிறகு, குற்றம் சொல்லும் குரலில் இல்லாமல், கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் சொன்னாள். “புரியாதத எழுதாதேன்னு நீங்கதானே சொல்லுவீங்க.”

மீதி நேரம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். எத்தனையோ வருடம் எழுதி எழுதி என்னை ஏமாற்றியவள், என் சொல்லுக்கு உண்மையாக இருப்பது என்று முடிவு செய்த நாள் அந்த நாளாக இருந்திருக்கிறது. அந்த வெறும் தாள் என்னிடம் வந்திருந்தால் அவளை எங்கே பிடித்துத் தூக்க வேண்டும் என்று பார்த்திருப்பேன். அது கடல் கடந்து முகம் தெரியாத ஒருவரிடம் போயிற்று. அவர் கூட்டிப் பார்த்துத் தவறியது என்று போட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

மறுபடி எழுதலாம் என்றேன். வேண்டாம் என்றாள். ஆசிரியர் பயிற்சி, பல்கலைக்கழகம் இரண்டும் அந்த ஒரு பாடத்தில் நின்றுபோயின. மினாவுக்குப் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அதைச் சொல்ல வந்தவள் வாசலிலேயே நின்று தயங்கினாள். வசந்தாதான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். சில மாதம் கழித்துச் சிங்கப்பூரில் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். மூன்று பாஷை தெரிந்தவளுக்கு உடனே கிடைத்தது. ஒரு தகரப் பெட்டியோடு பஸ் ஏறினாள். நான் பெட்டியைத் தூக்கி வைத்தேன். போய் வருகிறேன் என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

நான் இரண்டாம் தடவை மலாயைச் சொல் சொல்லாக அர்த்தத்தோடு படித்தேன். செட்டிக் கம்பத்தில் மினாவின் அம்மா வீட்டில் மாலையில் உட்கார்ந்து பேசிப் பேசிக் கற்றேன். தேறினேன். குடியுரிமைப் பத்திரம் தபாலில் வந்தது. கோமதி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அலமாரியில் வசந்தாவின் சான்றிதழுக்குக் கீழே வைத்தாள். யாருக்காக இந்த ஊரில் இருப்பது என்று முடிவு செய்தோமோ அவள் ஊரில் இல்லை.

மாதம் இரண்டு கடிதம் வரும், அம்மாவுக்கு. தமிழில் தொடங்கிப் பாதியில் ஆங்கிலமாக மாறிவிடும். அந்தப் பாதியை நான்தான் கோமதிக்குப் படித்துச் சொல்வேன். கடைசி வரியில் அப்பாவுக்கு என் வணக்கம் என்று இருக்கும். அதையும் நானே படிப்பேன்.

8

இந்த வருடப் பள்ளி விடுமுறையில், கோமதி கட்டிக்கொடுத்த முறுக்கு டப்பாவோடு நான் மட்டும் சிங்கப்பூர் போனேன். வேறு இரண்டு பெண்களோடு ஒரு அறை எடுத்திருக்கிறாள். அவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். கட்டிலில் என்னை உட்கார வைத்துவிட்டு, மண்ணெண்ணெய் அடுப்பில் கோப்பி போட்டாள். மெலிந்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். வேலையைப் பற்றிக் கேட்டால் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். ஒரே நேரத்தில் பத்துப் பேர் கூப்பிடுவார்களாம், யாரை எதில் கோத்தோம் என்று கை பார்த்துக்கொண்டே இருக்குமாம். அவள் என்னோடு இத்தனை பேசி எவ்வளவோ காலமாகியிருந்தது.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். பஸ்ஸில் அதற்கு வாக்கியம்கூடத் தயார் செய்திருந்தேன். அவள் முன்னால் அது வரவில்லை. நான் இத்தனை வருடம் எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்ட கேள்விதான் வாயில் வந்தது.

“உனக்கு எங்கேருந்தும்மா புரியாமப் போச்சு?”

கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். யோசிக்கவில்லை. பதில் ரொம்ப நாளாகத் தயாராக இருந்திருக்க வேண்டும்.

“ஒம்பது வயசுல. இங்க வந்த மறுவருஷம். அரையும் மூணுல ஒண்ணும் சேர்ந்தா ஏன் அஞ்சுல ரெண்டு இல்லன்னு உங்ககிட்ட வந்து கேட்டேன். நீங்க நோட்டுத் திருத்திக்கிட்டு இருந்தீங்க. கணக்கு வாத்தியார் பொண்ணுக்கு இதுகூடவா தெரியாதுன்னீங்க.”

பிறகு தம்ளரை என் கையில் கொடுத்தாள்.

“அதுக்கப்புறம் நான் கேக்கலப்பா.”

கோப்பி சுடுகிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒரு காகிதம் எடுத்து இப்போது சொல்லித் தரட்டுமா என்று கேட்டேன். கேட்ட உடனேயே அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிந்தது. அவள் என் தோளைத் தொட்டு, “இப்ப எதுக்குப்பா?” என்றாள். அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. என்னை பஸ் நிலையம்வரை கொண்டுவந்து விட்டு, ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக் கொடுத்து, அம்மாவிடம் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூவார் ஆற்றில் படகுக்காக பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. எல்லோரும் இறங்கிப் பழம் வாங்கினார்கள். நான் இறங்கவில்லை. அந்த மாலையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் எத்தனை வகுப்பில், எத்தனை காகிதத்தை மடித்துக் காட்டியிருக்கிறேன். மடித்த காகிதங்கள் நினைவிருக்கின்றன, கேட்ட பிள்ளைகளின் பெயர்கூட நினைவிருக்கிறது. ஒன்பது வயதில் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்ற என் மகளை எனக்கு நினைவில்லை. அவள் என்ன உடுத்தியிருந்தாள், நான் யாருடைய நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன், சொல்லிவிட்டுத் தலையையாவது நிமிர்த்திப் பார்த்தேனா, ஒன்றும் வரவில்லை. அவள் பதின்மூன்று வருடமாகச் சுமக்கிற ஒரு மாலை என்னிடம் இல்லவே இல்லை. படகு வந்தது. பஸ் அதில் ஏறியது. அக்கரை சேரும்வரை தேடிப் பார்த்தேன்.